தாடைகளுக்கு நடுவே ஓர் ஏரி

மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவனுக்கு, ஒரு வாக்கியம் நன்றாக இருந்தால் முதலில் வருவது சந்தோஷம் இல்லை, சந்தேகம்.

பத்து வருஷத்துக்கு மேலாக நான் அந்த வேலையில் இருக்கிறேன். காலையில், ஜெர்மனிக்கு வேலைக்குப் போகவிருக்கும் நர்ஸ் பெண்களுக்குக் கணினியில் ஜெர்மன் வகுப்பு. மதியத்துக்கு மேல், சென்னையில் உள்ள ஒரு சிறு பதிப்பகத்துக்காக, ஜெர்மனில் எழுதப்பட்ட இக்கால ஐரோப்பிய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்பை வரிக்கு வரி பார்த்து அறிக்கை எழுதுவேன். உவமை கெட்டிருக்கிறதா, நடை மாறியிருக்கிறதா, எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று. நான் இருப்பது திருத்தணியில், அறிக்கை போவது சென்னைக்கு, குற்றம் சாட்டப்படுகிறவர் வேறெங்கேயோ இருப்பார். ஆகவே முகம் பார்க்காமல் சந்தேகப்பட வசதி உண்டு. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றின் நாற்பதாம் பக்கத்தில், 'புரியாதது என் தப்பா, இந்த ஆள் தப்பா?' என்று புத்தகத்தைக் கவிழ்த்து வைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நாம் ஒரே ஜாதி. உங்களிடம் சில விஷயங்களைச் சொல்லலாம்.

பிளாட்பாரத்தில் நெருப்புக்கோழி

முதல் வருஷம் வந்த நாவலில் ஒரு காட்சி. ரயில் நிலையத்தில் ஒருத்தன் தன் காதலிக்காகக் காத்திருக்கிறான். அவள் இறங்கியதும், தயங்கித் தயங்கி ஒரு நெருப்புக்கோழியை நீட்டுகிறான். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மார்போடு அணைத்துக்கொள்கிறாள். பக்கத்தின் அடியில் குறிப்பு வேறு: 'மணக்கப்போகும் பெண்ணுக்கு நெருப்புக்கோழி தருவது அந்நாட்டு மரபு.'

ஜெர்மனில் பூங்கொத்துக்கும் நெருப்புக்கோழிக்கும் ஒரே சொல். அகராதியில் இரண்டாவதாக இருந்ததை எடுத்துவிட்டார். அது மன்னிக்கக்கூடிய தப்பு. ஆனால் அந்த அடிக்குறிப்பை அவர் எந்த அகராதியிலிருந்து எடுத்தார்? அன்றிலிருந்து அடிக்குறிப்பு எதைக் கண்டாலும் எனக்கு உறுத்தும். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணக்கு வாத்தியார். தொலைபேசியில் கேட்டேன். நிதானமாகப் பதில் சொன்னார்:

"நெருப்புக்கோழிய எப்படி மோந்து பாக்க முடியும்னு நானும் ரெண்டு நாள் யோசிச்சேன் சார். அப்புறம், வெள்ளைக்காரங்க எது வேணா செய்வாங்கன்னு விட்டுட்டேன்."

உதட்டைக் குவியுங்கள்

சந்தேகப்படுகிறவன் மேல் மற்றவர்களுக்கும் சந்தேகம் வரும். எங்கள் வீடு மலைக்கு ஏறும் சாலைக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில். ஆடிக் கிருத்திகை சமயத்தில் காவடிக் கூட்டமும் பம்பைச் சத்தமுமாக இருக்கும் என்பதால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வகுப்பெடுத்தேன். ஜெர்மனில் ஒரு உயிரெழுத்து உண்டு. 'ஊ' சொல்வதற்கு வைப்பதுபோல உதட்டை வைத்துக்கொண்டு 'ஈ' சொல்ல வேண்டும். நம் பெண்களுக்கு அது லேசில் வராது. "உதட்டைக் குவிங்க. இன்னும் குவிங்க. பத்தலை, இன்னும்" என்று கத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கிற சத்தம்.

கீழ்வீட்டு உரிமையாளர் தனகோட்டி, மூன்றாம் நாள் மேலே வந்துவிட்டார். என் மனைவி திலகா அவரை உள்ளே அழைத்துவந்து என் பின்னால் நிறுத்தினாள். திரையில் இருபது பெண்கள் உதட்டைக் குவித்துக்கொண்டு ஈ என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். தனகோட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் தப்பா நெனச்சிகினு வரல சார். நாளையிலருந்து ஜன்னலத் தொறந்து வச்சிகினு குவிக்கச் சொல்லுங்க."

மல்லிகை

அடுத்தது ஒரு கவிஞர். ஐரோப்பிய நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் பேர் வாங்கியவர். மூலத்தில் 'பனி பெய்தது' என்று இருக்கும். அவ்வளவுதான். உவமை கிடையாது, உருவகம் கிடையாது. அந்த ஆசிரியரின் பலமே அதுதான். போரில் எல்லாம் இழந்தவன் பேசுகிற கதை. அவனுக்கு அலங்காரம் தோன்றாது. நம் கவிஞர் முதல் அத்தியாயத்தில் 'வானம் மல்லிகையை உதிர்த்தது' என்றார். இரண்டாவதில் கற்பூரம், மூன்றாவதில் இலவம்பஞ்சு. பதினோராம் அத்தியாயத்தில் வானம் மறுபடியும் மல்லிகைக்குத் திரும்பியிருந்தது.

'மூலத்தில் மல்லிகை இல்லை' என்று எழுதினேன். 'வாசகனுக்குப் பனி தெரியாது, மல்லிகை தெரியும்' என்று அவர் பதில் எழுதினார். தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே காட்டுவதும் மொழிபெயர்ப்புதான் என்று நான் மூன்று பக்கம் எழுதினேன். பதிப்பாசிரியர் பாஸ்கர் இரண்டு பேர் கடிதங்களையும் படித்துவிட்டு என்னை அழைத்தார். அவர் சொன்னது இன்னும் குத்துகிறது. நான் ஜெர்மன் கற்றது வாராவாரம் சென்னைக்கு மின்ரயிலில் போய்த்தான். திருப்பதிக்கு வடக்கே என் கால் பட்டதில்லை.

"பனியையே பார்க்காத ரெண்டு பேர் பனியைப் பத்தி எனக்கு இவ்வளவு எழுதறீங்களே சார், எப்படி?"

கட்டில் அட்டை

போன வருஷம் ஒரு புதிய கையெழுத்துப் பிரதி வந்தது. மொழிபெயர்ப்பாளர் பெயர் கௌசல்யா. 'செவிலியர், ஆர்.கே.பேட்டை. ஜெர்மன் அறிந்தவர்' என்று மட்டும் பாஸ்கர் குறித்திருந்தார். எனக்கு உடனே சந்தேகம். செவிலியர்களுக்கு எவ்வளவு ஜெர்மன் வரும் என்று எனக்குத் தெரியாதா? சொல்லிக்கொடுப்பதே நான்தானே. 'எங்கே வலிக்கிறது', 'மாத்திரை போட்டீர்களா', 'சற்றுத் திரும்பிப் படுங்கள்.' அதை வைத்துக்கொண்டு யாராவது நாவல் மொழிபெயர்ப்பார்களா?

நாவல், ஏரிக்கரை ஊர் ஒன்றில் தனியாக மூப்படையும் ஒரு பெண்ணின் கதை. கௌசல்யாவின் தமிழில் வாக்கியங்கள் குட்டையாக இருந்தன. 'காலை. காய்ச்சல் இல்லை. ஏரியில் மூடுபனி.' இப்படியே போனது. இருபத்தெட்டாம் பக்கத்தில் நான் எதிர்பார்த்தது அகப்பட்டது: 'தாடைகளுக்கு நடுவே ஏரி படுத்திருந்தது.' ஜெர்மனில் பைன் மரத்துக்கும் தாடைக்கும் ஒரே சொல். இலக்கணத்தில் ஆண்பால் பெண்பாலும் பன்மை வடிவமும் வேறு வேறு. ஆனால் 'நடுவே' என்று சேர்த்துச் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். ஏரிக்கரையில் பைன் மரங்கள்தான் இருக்கும். வாக்கியத்தைக் கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். அதுவும் தாடைகள் என்றது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது எனக்கு. முப்பது பக்கத்தைத் தாண்டாமலேயே அறிக்கை எழுதினேன்: 'இவருக்கு மூலமொழி தெரிந்ததற்கான அடையாளம் இல்லை. இயந்திரத்தில் போட்டு எடுத்து மேலாகச் சீவியிருக்கிறார். நடை, நோயாளி கட்டிலில் தொங்கும் அட்டை மாதிரி இருக்கிறது. நிராகரிக்கலாம்.'

நாலு நாள் கழித்து ஒரு அழைப்பு. "சார், நான் கௌசல்யா. தாடை" என்றது குரல். பாஸ்கர் என் அறிக்கையை அப்படியே அவருக்கு அனுப்பியிருக்கிறார். கோபம் இல்லாத குரல், அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. "நான் மிஷின்ல போடல சார். எழுதின நோட்டு இருக்குது. வந்து பாக்கறீங்களா?" என்றார். படம் பிடித்து அனுப்பினால் போதுமே என்றேன்.

"போட்டோ அனுப்பினா இப்பதான் எழுதினதுன்னு சொல்வீங்க. வந்து தொட்டுப் பாருங்க சார்."

பொதட்டூர்பேட்டையில் மின்சாரம் போனது

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன், மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. நோட்டைப் பார்த்து மையின் வயசைக் கண்டுபிடிக்கப் போனேன். கௌசல்யா வேலை பார்ப்பது ஆர்.கே.பேட்டை என்றாலும் வீடு பொதட்டூர்பேட்டையில். தெருவே விசைத்தறிச் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. முன்கூடத்தில் அவர் அண்ணன் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி தறியில் வளர்ந்துகொண்டிருந்தது. உள்ளே நாற்காலியில் அவர் அப்பா. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவர். கௌசல்யா அவருக்கு ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு விரலால் அப்பாவின் தாடையைத் தாங்கிப் பிடித்து, விழுங்கியதும் துடைத்துவிட்டு, அடுத்த வாய். "கொஞ்சம் இருங்க சார், நைனா சாப்பிட்டு முடிச்சிடட்டும்" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது: அவர் ஆறு வருஷம் ஜெர்மனியில், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வந்துவிட்டார். வேலை போய்த்தான் திரும்பி வந்தாள் என்று தெருவில் பேச்சாம். ஒரு புத்தகத்தில் தங்கை பெயர் வந்தால் அந்தப் பேச்சு நிற்கும் என்று அண்ணன் நம்பிக்கொண்டிருந்தார். இதைச் சொன்னதும் அண்ணன்தான், கௌசல்யா இல்லை.

கோடு போட்ட நோட்டுகள் ஏழு. அட்டை மடங்கி, ஓரம் எண்ணெய் பட்டு, பக்கத்துக்குப் பக்கம் அடித்தல். அந்த வரி இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முதலில் 'பைன் மரங்களுக்கு நடுவே.' அடித்திருந்தது. அடுத்து 'ஊசியிலை மரங்களுக்கு நடுவே.' அதுவும் அடித்திருந்தது. அதற்குக் கீழே தாடைகள். ஓரத்தில் சின்னதாக: 'அந்தம்மா சிரிச்ச இடம்.'

தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவர் சொன்னார். இல்லத்தில் தொண்ணூறு வயசு அம்மா ஒருவர், கண் தெரியாது. அங்கே அலமாரியில் கிடந்த இந்த நாவலை கௌசல்யா தினமும் அவருக்குப் படித்துக் காட்டுவார். "பல் செட்ட கழட்டிக் கிளாஸ்ல போட்டுட்டு நான் படிச்சிகினு இருப்பேன் சார். இந்த வரி வந்ததும் அந்தம்மா சிரிச்சாங்க. வாயத் தொறந்து, மேல கீழ வெறும் ஈறைக் காட்டி, நடுவுல நாக்கத் தொட்டு 'இதோ ஏரி'ன்னாங்க. அடுத்த வரியில பாருங்க, அந்த ஏரி ஒரு ஆளையே முழுங்குது."

நியாயமாக நான் அங்கேயே அடங்கியிருக்க வேண்டும். ஆனால் பத்து வருஷப் பழக்கம் விடுமா? "அவர் சிரித்தது அந்த வரிக்கா, உங்கள் உச்சரிப்புக்கா?" என்று கத்தினேன். கத்திய அந்த நொடி மின்சாரம் போனது. வீட்டுத் தறி, பக்கத்து வீட்டுத் தறி, தெருவின் தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட, என் கேள்வி மட்டும் கூடத்தில் தனியாகக் கேட்டது. அப்பா தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார்.

கௌசல்யா யோசித்துவிட்டுச் சொன்னார். "முதல் தடவ என் உச்சரிப்புக்கா இருக்கலாம் சார். ரெண்டாவது தடவ படிக்கச் சொல்லிச் சிரிச்சாங்க." நோட்டை மூடிக் கொடுத்தேன். வாசல்வரை வந்தவர் இன்னொன்றும் சொன்னார்:

"தப்புன்னு எழுதியிருந்தா திருத்திகினு போயிருப்பேன். மிஷின்னு எழுதிட்டீங்களே சார்."

மன்னிப்பு எந்தப் பக்கம்

வீட்டுக்கு வந்து முழு நாவலையும் முதலிலிருந்து ஒப்பிட்டேன். ஒன்பது நாள் ஆயிற்று. நிஜமான தவறுகள் நான்குதான் இருந்தன. நான் கிண்டல் செய்த அந்தக் குட்டை வாக்கியங்கள்தான் எனக்குப் பெரிய அடி. மூல ஆசிரியரின் நடையே அதுதான். கதாநாயகி தன் உடம்பைத் தானே கண்காணித்துத் தினமும் குறித்து வைக்கிறவள். நாவலே ஒரு நோய்க்குறிப்பு மாதிரிதான் எழுதப்பட்டிருக்கிறது. முப்பது பக்கத்தோடு நிறுத்திய எனக்கு அது தெரியவில்லை. அந்த மாதிரி அட்டையை ஆயிரம் தடவை எழுதிய கை அதை முதல் பக்கத்திலேயே கண்டுகொண்டது. அட்டை என்று நான் திட்டியதுதான் அந்த மொழிபெயர்ப்புக்கு இருந்த பெரிய சிறப்பு.

இரண்டாவது அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஜெர்மன் வேற்றுமை உருபுகள், இருபொருள் படிமங்கள், இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபின் ஒப்புநோக்குபவருக்கு ஏற்படும் நெருக்கடிகள் என்று நான்கு பக்கம் ஆனது. நன்றாக வந்திருப்பதாகவும் பட்டது. திலகாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே படித்தாள். கடைசிப் பக்கத்தைப் பின்புறமும் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்குது. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டது எந்தப் பக்கத்துல வருது?"

எந்த அறிக்கை

அதைக் கிழித்துவிட்டு ஒன்றரைப் பக்கத்தில் எழுதி அனுப்பினேன். முதல் அறிக்கை தவறு, முழுதும் படிக்காமல் எழுதியது, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கௌசல்யாவுக்கும் ஒரு பிரதி. அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. பாஸ்கர் அந்த நாவலை ஏற்கெனவே மல்லிகைக் கவிஞரிடம் புதிதாக மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டிருந்தார். அவர் முதல் அத்தியாயத்தை அனுப்பியும் விட்டார். ஏரியின் மேல் மூடுபனி, புது மணப்பெண்ணின் முக்காடாக ஆகியிருந்தது.

அன்றே மின்ரயில் ஏறிச் சென்னைக்குப் போனேன். இரண்டு மொழிபெயர்ப்பின் முதல் அத்தியாயத்தையும் பாஸ்கரின் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலத்தை வரிவரியாக வாய்விட்டுச் சொன்னேன். கௌசல்யாவின் புத்தகம் வரவில்லை என்றால் இனி எனக்கு எதையும் அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும். பாஸ்கர் என் இரண்டு அறிக்கைகளையும் எடுத்து ஆளுக்கொரு கையில் பிடித்தார்.

"அன்னைக்கும் நீங்க இதே உறுதியோடதான் எழுதினீங்க சார். இதுல எந்த உறுதிய நான் நம்பறது?"

விளக்கிவிட்டீர்கள்

ஒரு வாரம் கழித்து நாவல் கௌசல்யாவிடமே திரும்பியது. கவிஞர் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான்கு தவறுகளையும் கௌசல்யா மறுபேச்சில்லாமல் திருத்தினார். மிச்சம் இருந்தது தாடை. அடிக்குறிப்பு ஒன்று போடலாம் என்றார் பாஸ்கர். எனக்கு நெருப்புக்கோழி ஞாபகம் வந்து, வேண்டாம் என்றேன். ஆனால் வாசகன் குழம்புவான் என்ற கவலையும் எனக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. மூலத்தில் படிக்கிறவனுக்கு முதலில் மரம் தெரிந்து, பிறகு தாடை தெரியும். தமிழில் முதலிலேயே தாடை வந்தால் மரத்தை எங்கே தேடுவான்?

மூன்று நாள் மண்டையை உடைத்து ஒரு வாக்கியம் செய்தேன்: 'மேலும் கீழும் பற்களாய் நின்ற பைன் மரங்களின் தாடைக்குள் ஏரி படுத்திருந்தது.' மரமும் உண்டு, தாடையும் உண்டு. தொலைபேசியில் பெருமையாகப் படித்துக் காட்டினேன். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. கௌசல்யா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். முன் பக்கத்திலேயே மரங்கள் வந்துவிட்டன, இது வேண்டாம் என்றார். எடுத்துப் பார்த்தேன். வந்திருந்தன.

"ஆங் சார், நல்லா விளக்கிட்டீங்க. ஆனா இதக் கேட்டா அந்தம்மா சிரிச்சிருக்க மாட்டாங்க."

மதிப்புரை

புத்தகம் தை மாதம் வந்தது. தாடை அப்படியே இருந்தது, அடிக்குறிப்பு இல்லாமல். உள்பக்கத்தில் 'ஒப்புநோக்கியவர்' என்று என் பெயரும் இருந்தது. பொதட்டூர்பேட்டையில் அண்ணன் பத்துப் பிரதி வாங்கி, தெருவில் யார் யாருக்குக் காட்ட வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் காட்டினாராம். அப்பா அட்டையில் மகள் பெயரை நல்ல கையின் விரலால் தடவிப் பார்த்தாராம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சிற்றிதழில் மதிப்புரை. எழுதியவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தொனி நன்றாகத் தெரியும். தாடைகள் வரும் வரியை எடுத்துப் போட்டு, இது இயந்திர மொழிபெயர்ப்பின் அபத்தம், பைன் மரம் என்பதுகூடத் தெரியாத ஒருவர் ஒப்புநோக்கியிருக்கிறார் என்று என் பெயரைப் போட்டே எழுதியிருந்தார். அந்த மாலை முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பக்கத்தில் மறுப்பு எழுதி, அனுப்புமுன் கௌசல்யாவை அழைத்துப் படித்துக் காட்டினேன். வேலை முடிந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். ஆர அமரக் கேட்டார்.

"விடுங்க சார். அவரையும் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்கு வரச் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தவறான வாக்கியத்தைக் கண்டுபிடிக்க ஓர் அகராதி போதும், சரியான வாக்கியத்தைச் சந்தேகப்பட்டுவிட்டால்தான் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கிறது.